ஸ்விட்சிங் பவர் சப்ளையில் கரண்ட்டை அளப்பதும் கட்டுப்படுத்துவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்விட்சை வேகமாக ஆன், ஆஃப் செய்து ஒரு வோல்டேஜை இன்னொன்றாக மாற்றுகிற ஸ்விட்சிங் கன்வெர்ட்டரை முதல்முறை வடிவமைக்கிறவர்கள் வோல்டேஜ் சரியாக வருகிறதா என்பதிலேயே முழுக் கவனத்தையும் வைப்பார்கள். கரண்ட் லிமிட்டை, கடைசியில் ஒரு ரெசிஸ்டரை மாற்றிச் சரிசெய்துகொள்ளலாம் என்று தள்ளிவைப்பார்கள். என் மேசைக்கு வந்த எரிந்த போர்டுகளில் பல இந்த இடத்தில்தான் கோட்டை விட்டிருந்தன. அடிக்கடி என்னிடம் கேட்கப்படுகிற கேள்விகளை இங்கே ஒன்றாக எழுதியிருக்கிறேன்.

ஃபியூஸ் போட்டிருக்கிறேனே, தனியாகக் கரண்ட் லிமிட் எதற்கு?

ஃபியூஸ் உருகுவதற்கு மில்லிசெகண்ட் கணக்கில் நேரம் வேண்டும். ஸ்விட்சாக வேலை செய்கிற மாஸ்ஃபெட் சாவதற்குச் சில மைக்ரோசெகண்ட் போதும். எல்லாம் கெட்டுப்போன பிறகு தீப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் ஃபியூஸ். மாஸ்ஃபெட்டைக் காப்பாற்றுவது அதன் வேலை இல்லை.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பாருங்கள். 10 மைக்ரோஹென்றி இண்டக்டரின் குறுக்கே 12 வோல்ட் விழுந்தால், கரண்ட் ஒரு மைக்ரோசெகண்டுக்கு 1.2 ஆம்பியர் ஏறும். அது ஓர் அளவைத் தாண்டியதும் இண்டக்டரின் கோர் சாச்சுரேட் ஆகிவிடும், அதாவது அதற்கு மேல் காந்தத்தை ஏற்க முடியாமல் நிரம்பிவிடும். இண்டக்டன்ஸ் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கியது என்று வையுங்கள், அதே ஒரு மைக்ரோசெகண்டில் 12 ஆம்பியர் ஏறும். அதற்குப் பிறகு தடுக்க ஆளே கிடையாது. அதனால்தான், ஒவ்வொரு சுழற்சியிலும் கரண்ட்டைப் பார்த்து, அந்தச் சுழற்சி முடிவதற்குள்ளேயே ஸ்விட்சை அணைக்கிற ஒரு காவல் வேண்டியிருக்கிறது.

லிமிட்டை எந்த அளவில் வைக்க வேண்டும்?

லோடு கரண்ட்டைப் பார்த்து மட்டும் வைக்காதீர்கள். பெரும்பாலான கன்ட்ரோல் ஐசிகள் இண்டக்டர் கரண்ட்டின் உச்சத்தைத்தான் பார்க்கின்றன. வோல்டேஜைக் குறைக்கிற பக் கன்வெர்ட்டரில் உச்சம் என்பது லோடு கரண்ட்டோடு ரிப்பிளில் (ஒவ்வொரு சுழற்சியிலும் கரண்ட் ஏறி இறங்கும் அளவு) பாதியைச் சேர்த்தது.

12 வோல்ட்டிலிருந்து 5 வோல்ட் தருகிற ஒரு பக் கன்வெர்ட்டரை எடுத்துக்கொள்வோம். இண்டக்டர் 10 மைக்ரோஹென்றி, ஸ்விட்சிங் வேகம் 300 கிலோஹெர்ட்ஸ், லோடு 5 ஆம்பியர். ரிப்பிள் ஏறக்குறைய 1 ஆம்பியர் வரும். ஆக உச்சம் 5.5 ஆம்பியர். லோடு திடீரென ஏறும்போது அவுட்புட் கெப்பாசிட்டரை நிரப்பவும் கொஞ்சம் இடம் வேண்டும், 6.2 என்று வைத்துக்கொள்வோம். ஐசியின் லிமிட் 10% இப்படியும் அப்படியும் போகும் என்றால் பெயரளவில் 7 ஆம்பியர் வைக்க வேண்டும். குறைந்தபட்சம் 6.3, அதிகபட்சம் 7.7. கரண்ட்டை லிமிட்டோடு ஒப்பிடுகிற கம்பாரேட்டர் விழித்து ஸ்விட்ச் அணைவதற்குள் கரண்ட் இன்னும் கொஞ்சம் ஏறியிருக்கும். எனவே இண்டக்டர் 8 ஆம்பியருக்கு மேல்தான் சாச்சுரேட் ஆக வேண்டும், அதுவும் சூடாக இருக்கும்போது.

5 ஆம்பியர் சப்ளைக்கு 8 ஆம்பியர் இண்டக்டரா என்று கேட்பவர்கள் உண்டு. ஆமாம். லிமிட்டின் மேல் எல்லை இண்டக்டரின் சாச்சுரேஷனுக்குக் கீழே இல்லையென்றால் அந்த லிமிட் இருந்தும் இல்லாததுபோலத்தான்.

இதில் கோரின் குணத்தையும் பார்க்க வேண்டும். ஃபெரைட் சட்டென்று சாச்சுரேட் ஆகும். 25 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குப் போனால் அதன் தாங்குதிறனில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். பவுடர் கோர் மெதுவாகத்தான் இறங்கும், அதில் கொஞ்சம் மீறினாலும் தப்பித்துக்கொள்ளலாம். இன்னொன்று, டேட்டாஷீட்டில் இண்டக்டருக்கு இரண்டு கரண்ட் போட்டிருப்பார்கள். ஒன்று சூடேறுவதற்கானது, மற்றது சாச்சுரேஷனுக்கானது. லிமிட்டோடு ஒப்பிட வேண்டியது இரண்டாவதை.

கரண்ட்டை அளக்க எந்த வழி நல்லது?

துல்லியம் வேண்டுமென்றால் ஷன்ட் ரெசிஸ்டர், அதாவது கரண்ட் ஓடும் பாதையில் போட்டு, குறுக்கே வரும் வோல்டேஜை அளக்கிற சின்ன ரெசிஸ்டர். செலவையும் இழப்பையும் குறைக்க வேண்டுமென்றால் ஏற்கெனவே இருக்கிற பாகத்தின் ரெசிஸ்டன்ஸையே பயன்படுத்தலாம்: மாஸ்ஃபெட் ஆனாக இருக்கும்போது அதன் குறுக்கே வரும் வோல்டேஜ், அல்லது இண்டக்டரின் செம்புக் கம்பியின் குறுக்கே வரும் வோல்டேஜ். இரண்டும் இலவசம், இரண்டும் சூட்டுக்கு ஆடும். செம்பு ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39% ஏறும், 100 டிகிரி ஏறினால் 39%. மாஸ்ஃபெட் அதைவிட மோசம், அறை வெப்பத்தில் இருந்ததைப்போல 125 டிகிரியில் ஒன்றரை மடங்குக்கு மேலேயே போகும். அதைக் கொண்டு லிமிட் வைத்தால், சூட்டில் லிமிட் தானாகவே கீழே இறங்கும். ஷார்ட்டிலிருந்து காப்பதற்கு இது போதும். சரியாக 5.0 ஆம்பியரில் நிற்க வேண்டும் என்றால் போதாது.

அதிக வோல்டேஜ், அதிக கரண்ட், தனிமைப்படுத்தல் என்று வந்தால் கரண்ட் டிரான்ஸ்ஃபார்மர். 1:100 சுற்றுள்ளதில் 10 ஆம்பியர் ஓடினால் மறுபுறம் 100 மில்லிஆம்பியர், அதன் மேல் 10 ஓம் போட்டால் 1 வோல்ட். சுத்தமான, பெரிய சிக்னல். ஆனால் ஒவ்வொரு சுழற்சியிலும் கோர் ரீசெட் ஆக (ஏறிய காந்தம் இறங்க) நேரம் தர வேண்டும், டியூட்டி (சுழற்சியில் ஸ்விட்ச் ஆனாக இருக்கும் பங்கு) 100% நெருங்குகிற சர்க்யூட்டில் அது நடக்காது. டிசியையும் அது பார்க்காது. ஹால் சென்சார் டிசியைப் பார்க்கும், தனிமைப்படுத்தலும் தரும். ஆனால் ஒவ்வொரு சுழற்சியிலும் உச்சத்தைப் பிடிக்கிற வேலைக்கு அவற்றில் பல மெதுவானவை.

ஷன்ட்டின் மதிப்பை எப்படித் தேர்ந்தெடுப்பது?

ஐசியின் லிமிட் வோல்டேஜை உச்சக் கரண்ட்டால் வகுத்தால் வந்துவிடும். அந்த வோல்டேஜ் எவ்வளவு என்பதுதான் விஷயம். பழைய யூசி3842 என்ற ஐசியில் அது 1 வோல்ட். 5 ஆம்பியர் உச்சத்துக்கு 0.2 ஓம் வேண்டும். டியூட்டி 40% என்றால் ஷன்ட்டில் மட்டும் 2 வாட் அளவுக்குச் சூடு. எம்சி34063-இல் 0.3 வோல்ட். இப்போதைய பக் கன்ட்ரோலர்கள் பல 50 அல்லது 100 மில்லிவோல்ட்டில் வேலை செய்கின்றன. சூடு குறைகிறது, ஆனால் 50 மில்லிவோல்ட்டில் 5 மில்லிவோல்ட் இரைச்சல் சேர்ந்தாலே 10% பிழை. இழப்பில் மிச்சம் பிடித்ததை போர்டு லேஅவுட்டில் உழைத்துத்தான் ஈடுகட்ட வேண்டும்.

கெல்வின் இணைப்பு என்று சொல்கிறார்களே, அது அவ்வளவு முக்கியமா?

முக்கியம். பெரிய கரண்ட் ஓடும் செம்பிலிருந்து இல்லாமல், ஷன்ட்டின் இரு முனைகளிலிருந்தே தனிக் கோடுகளில் வோல்டேஜை எடுப்பதுதான் அது. நான் பட்டதையே சொல்கிறேன். 10 ஆம்பியர் லிமிட்டுக்கு 5 மில்லியோம் ஷன்ட், 50 மில்லிவோல்ட் ஐசி. போர்டு வந்து சோதித்தால் 8.3 ஆம்பியரிலேயே அணைந்தது. சூடானதும் இன்னும் கீழே. ஐசியைச் சந்தேகப்பட்டு மாற்றினேன், அதே கதை. ஷன்ட்டைக் கழற்றி அளந்தால் அது சரியாகவே இருந்தது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது. ஷன்ட்டின் பேடிலிருந்து (அதைப் பற்றவைக்கிற செம்புத் திட்டு) புறப்பட வேண்டிய சென்ஸ் கோடு, கொஞ்சம் தள்ளி, பவர் செம்பின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தது. 35 மைக்ரான் தடிமனுள்ள செம்பில், நீளமும் அகலமும் சமமான ஒரு சதுரத்தின் ரெசிஸ்டன்ஸ் ஏறக்குறைய அரை மில்லியோம். எந்த அளவுச் சதுரமானாலும் அதேதான். ஒரு பேடுக்கு ஒரு சதுரம் வீதம் இரண்டு சதுரச் செம்பு உள்ளே வந்துவிட்டது, கூடுதலாக 1 மில்லியோம். ஐசி பார்த்தது 6 மில்லியோமை. 50-ஐ 6-ஆல் வகுத்தால் 8.3. கத்தியால் கோட்டைச் சுரண்டி வெட்டி, இரண்டு மெல்லிய கம்பிகளைப் பேடுகளின் உள்விளிம்பில், ஷன்ட்டின் வயிற்றுக்கு அடியில் பற்றவைத்தேன். 10 ஆம்பியரில் வந்து நின்றது.

இரண்டு சென்ஸ் கோடுகளும் பேடுகளின் உள்விளிம்பில் தொடங்கி, ஒன்றையொன்று ஒட்டியபடியே ஐசிவரை போக வேண்டும். சர்க்யூட் படத்தில் அதுவும் கிரவுண்டுதானே என்று மென்பொருள் அதை அருகிலிருக்கும் வையாவில் (போர்டின் அடுக்குகளை இணைக்கும் துளை) இணைத்துவிடும். அதைக் கண்ணால் பார்த்துத்தான் பிடிக்க வேண்டும்.

சென்ஸ் சிக்னலின் தொடக்கத்தில் ஒரு கூர்முள் வருகிறது. அது நிஜக் கரண்ட்டா?

ஒரு பகுதி நிஜம். ஸ்விட்ச் ஆன் ஆகும் கணத்தில் டயோடின் ரிவர்ஸ் ரெகவரி கரண்ட் (டயோடு அணைவதற்குள் ஒரு கணம் பின்னோக்கிப் பாய்வது) ஓடும், ஸ்விட்ச் முனையில் தேங்கியிருக்கும் கெப்பாசிட்டன்ஸ் காலியாகும். ஷன்ட் மாஸ்ஃபெட்டின் சோர்ஸுக்குக் கீழே இருந்தால் கேட்டுக்குப் போகும் கரண்ட்டும் அதன் வழியாகத்தான் திரும்பும். இவை எல்லாம் உண்மையில் ஓடுகிற கரண்ட்தான், ஆனால் இண்டக்டர் கரண்ட் அல்ல.

மீதி ஷன்ட்டின் சொந்த இண்டக்டன்ஸால் வருவது. 1 நானோஹென்றி என்பது ஒன்றுமில்லாததுபோலத் தோன்றும். கரண்ட் மைக்ரோசெகண்டுக்கு 100 ஆம்பியர் வேகத்தில் பாய்ந்தால் அதன் குறுக்கே 100 மில்லிவோல்ட் எழும்பும். 50 மில்லிவோல்ட் லிமிட்டுக்கு இது இரண்டு மடங்கு.

பெரும்பாலான ஐசிகள் ஸ்விட்ச் ஆன் ஆன முதல் நூறு, இருநூறு நானோசெகண்ட் கண்ணை மூடிக்கொள்ளும். போதவில்லையென்றால் ஒரு சின்ன ஆர்.சி. ஃபில்டர் போடலாம். ஷன்ட்டின் இண்டக்டன்ஸை அதன் ரெசிஸ்டன்ஸால் வகுத்து வரும் நேரத்துக்குச் சமமாக ஃபில்டரின் நேரத்தை வைத்தால், ஷன்ட்டால் வந்த பிழை ஒழிந்து உண்மையான அலைவடிவம் கிடைக்கும். 1 நானோஹென்றி, 1 மில்லியோம் என்றால் 1 மைக்ரோசெகண்ட்: 100 ஓமும் 10 நானோஃபாரடும். அதற்கு மேல் ஃபில்டரைப் பெரிதாக்கிக்கொண்டே போகாதீர்கள். சிக்னல் அழகாகும், லிமிட் குருடாகும்.

இண்டக்டரின் டி.சி.ஆர். (அதன் செம்புக் கம்பியின் ரெசிஸ்டன்ஸ்) மூலம் அளப்பது எப்படி வேலை செய்கிறது?

இண்டக்டருக்கு இணையாக ஒரு ரெசிஸ்டரையும் கெப்பாசிட்டரையும் வரிசையில் போடுகிறோம். அவற்றின் ஆர்.சி. நேரமும், இண்டக்டன்ஸை டி.சி.ஆரால் வகுத்த நேரமும் சமமாக இருந்தால், கெப்பாசிட்டரின் குறுக்கே வருவது கரண்ட்டை டி.சி.ஆரால் பெருக்கிய வோல்டேஜ், ரிப்பிள் உட்பட. 1 மைக்ரோஹென்றி, 2 மில்லியோம் என்றால் 500 மைக்ரோசெகண்ட். 100 நானோஃபாரடுக்கு 5 கிலோஓம். சூட்டுக்கு ஈடுகட்ட, இண்டக்டரை ஒட்டி ஒரு தெர்மிஸ்டர் வைப்பார்கள். அது நிஜமாகவே ஒட்டி இருக்க வேண்டும்.

ஓவர்லோடில் சரியாக நிற்கிறது. ஷார்ட் செய்தால் மட்டும் மாஸ்ஃபெட் போய்விடுகிறது. ஏன்?

இதைப் புரிந்துகொண்டால் கரண்ட் லிமிட்டில் பாதி புரிந்த மாதிரி. ஓவர்லோடும் ஷார்ட்டும் ஒரே விஷயத்தின் சிறிய, பெரிய வடிவங்கள் என்று நினைக்கிறோம். கன்வெர்ட்டருக்கு அவை முற்றிலும் வேறு.

24 வோல்ட் இன்புட், 5 வோல்ட் அவுட்புட், 4.7 மைக்ரோஹென்றி, 500 கிலோஹெர்ட்ஸ், ஷாட்கி டயோடு. ஸ்விட்ச் ஆனாக இருக்கும்போது ஏறுகிற கரண்ட், ஆஃபில் இறங்க வேண்டும். இறக்குவது யார்? அவுட்புட் வோல்டேஜ்தான். 5 வோல்ட்டும் டயோடின் அரை வோல்ட்டும் சேர்ந்து மைக்ரோசெகண்டுக்கு 1.2 ஆம்பியர் வீதம் இறக்கும். ஓவர்லோடில் அவுட்புட் 4 வோல்ட்டாகச் சரிந்தாலும் இறக்கம் நன்றாகவே இருக்கும்.

ஷார்ட்டில் அவுட்புட் பூஜ்யம். இறக்குவதற்கு மிஞ்சியிருப்பது டயோடின் அரை வோல்ட் மட்டும்.

இங்கேதான் அந்தக் கண்மூடும் நேரம் பழிவாங்குகிறது. ஐசியின் குறைந்தபட்ச ஆன் நேரம் 200 நானோசெகண்ட் என்று வைப்போம். லிமிட்டைத் தாண்டிவிட்டது என்று கம்பாரேட்டருக்குத் தெரிந்தாலும், ஒவ்வொரு சுழற்சியிலும் ஸ்விட்ச் 200 நானோசெகண்ட் ஆன் ஆகியே தீரும். அதற்குள் 24 வோல்ட் கரண்ட்டை 1 ஆம்பியர் ஏற்றிவிடும். மீதி 1.8 மைக்ரோசெகண்டில் அரை வோல்ட் இறக்குவது 0.19 ஆம்பியர். ஏற்றம் ஒன்று, இறக்கம் ஐந்தில் ஒரு பங்கு. சுழற்சிக்கு 0.8 ஆம்பியர் மேலே மேலே அடுக்கிக்கொண்டே போகும். பத்தே சுழற்சியில், அதாவது 20 மைக்ரோசெகண்டில், 8 ஆம்பியர் கூடிவிடும். அதற்குள் கோர் சாச்சுரேட் ஆகி, ஏற்றம் இன்னும் செங்குத்தாகும்.

டயோடுக்குப் பதில் கீழேயும் மாஸ்ஃபெட் இருக்கும் கன்வெர்ட்டரில் நிலைமை இன்னும் மோசம். 10 மில்லியோம் மாஸ்ஃபெட்டில் 10 ஆம்பியர் ஓடினால் 0.1 வோல்ட்தான். திறமையான சர்க்யூட்தான் ஷார்ட்டில் சீக்கிரம் ஓடிப்போகும்.

வழி இரண்டு. ஒன்று, அவுட்புட் சரியும்போது ஐசி தன் வேகத்தைக் குறைத்துக்கொள்வது. 500 கிலோஹெர்ட்ஸை எட்டில் ஒரு பங்காக்கினால் ஆஃப் நேரம் ஏறக்குறைய 15.8 மைக்ரோசெகண்ட் கிடைக்கும், அதில் இறக்கம் 1.7 ஆம்பியர். ஏற்றத்தைவிட அதிகம், தப்பித்தோம். இரண்டாவது, கரண்ட்டின் உச்சியைப் பார்க்காமல் அடிப்புள்ளியைப் பார்ப்பது. கீழ் மாஸ்ஃபெட்டில் ஓடும் கரண்ட் லிமிட்டுக்குக் கீழே வரும்வரை மேல் மாஸ்ஃபெட்டை ஆன் செய்யவே விடாது. எத்தனை சுழற்சி தவறினாலும் பரவாயில்லை. என் கையில் தேர்வு இருந்தால் இரண்டாவதையே எடுப்பேன். இன்புட் வோல்டேஜ் அதிகமாகவும் அவுட்புட் குறைவாகவும் இருக்கிற வேலைக்கு அது கணக்கே போடாமல் பாதுகாப்பு தருகிறது.

ஷார்ட் தொடர்ந்து இருந்தால் என்ன செய்ய வேண்டும்? விக்கல் முறையா, முழுதாக அணைப்பதா?

லிமிட் 8 ஆம்பியர் என்று வைப்போம். லிமிட்டிலேயே நின்றுகொண்டிருந்தால் அந்த 8 ஆம்பியரும் கிட்டத்தட்ட முழு நேரமும் டயோடு வழியாகத்தான் ஓடும், 4 வாட். சாதாரண வேலைக்கு அளவெடுத்த டயோடு அதைத் தாங்காது. விக்கல் முறையில் 2 மில்லிசெகண்ட் முயன்று, 20 மில்லிசெகண்ட் ஓய்வெடுத்து, மறுபடி முயலும். சராசரி பதினொன்றில் ஒரு பங்கு. போர்டு சூடே ஆகாது, ஷார்ட் விலகியதும் தானாக எழுந்துவிடும். பெரும்பாலான இடங்களுக்கு இதுதான் சரி. தானாக எழுந்தால் ஆபத்து என்கிற இயந்திரங்களுக்கு மட்டும் பூட்டி அணைக்கும் முறை.

விக்கலில் ஒரு சிக்கல் உண்டு: பெரிய கெப்பாசிட்டர் இருந்தால் கன்வெர்ட்டர் எழவே எழாது. 1000 மைக்ரோஃபாரடை 5 மில்லிசெகண்டில் 12 வோல்ட்டுக்கு நிரப்ப 2.4 ஆம்பியர் வேண்டும். லோடு 2 ஆம்பியர், லிமிட் 3 என்றால் அது ஒவ்வொரு முறையும் ஷார்ட் என்று நினைத்து அணைந்துவிடும். சாஃப்ட் ஸ்டார்ட்டை (தொடக்கத்தில் அவுட்புட்டை மெதுவாக ஏற்றும் நேரம்) 20 மில்லிசெகண்டுக்கு நீட்டினால் 0.6 ஆம்பியர் போதும். லிமிட்டை ஏற்றுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்.

டியூட்டி 50%-ஐத் தாண்டினால் லிமிட் குறைகிறதே?

உச்சத்தைப் பார்த்து அணைக்கிற முறையில், டியூட்டி பாதியைத் தாண்டியதும் ஒரு சுழற்சி நீளமாகவும் அடுத்தது குட்டையாகவும் ஆடத் தொடங்கும். அதை அடக்க ஒரு சரிவு வோல்டேஜைச் சேர்ப்பார்கள். குறைந்தது இண்டக்டர் கரண்ட்டின் இறக்கச் சரிவில் பாதியாவது வேண்டும். அந்தச் சரிவு லிமிட்டையும் தின்றுவிடுகிறது. சில ஐசிகள் அதை உள்ளேயே ஈடுகட்டும், சில கட்டாது. டேட்டாஷீட்டின் முதல் பக்கத்தில் இருக்கும் எண்ணை நம்பாமல், டியூட்டிக்கு எதிராக லிமிட் வரைந்த படத்தைத் தேடிப் பாருங்கள்.

வோல்டேஜை ஏற்றுகிற பூஸ்ட் கன்வெர்ட்டரிலும் இதே லிமிட் ஷார்ட்டைத் தடுக்குமா?

தடுக்காது. இன்புட்டிலிருந்து இண்டக்டர், டயோடு வழியாக அவுட்புட்டுக்கு நேர்வழி திறந்தே இருக்கிறது. ஸ்விட்சை அணைத்தாலும் ஷார்ட் கரண்ட் ஓடும். தனியாக ஒரு துண்டிக்கும் மாஸ்ஃபெட் வேண்டும். அப்புறம், ஸ்விட்ச் லிமிட்டை அவுட்புட் கரண்ட் என்று எண்ணிவிடாதீர்கள். 5 வோல்ட்டிலிருந்து 12 வோல்ட் 1 ஆம்பியர் எடுக்க, 90% திறனில், இன்புட்டில் 2.7 ஆம்பியர் ஓடும். ரிப்பிள் அதற்கு மேல்.

டிரான்ஸ்ஃபார்மர் வழியாகப் பவர் தருகிற ஃப்ளைபேக்கில் இன்புட் அதிகமானால் லிமிட் தளர்ந்துவிடுகிறதே?

தாமதம்தான் காரணம். 500 மைக்ரோஹென்றி பிரைமரி, லிமிட் 1 ஆம்பியர், அணைக்க 200 நானோசெகண்ட். 125 வோல்ட் டிசியில் கூடுதலாக ஏறுவது 0.05 ஆம்பியர், 375 வோல்ட்டில் 0.15. கரண்ட் ஒவ்வொரு சுழற்சியிலும் பூஜ்யத்துக்கு இறங்குகிற முறையில் பவர் கரண்ட்டின் வர்க்கத்தில் போகும். 1.15-க்கும் 1.05-க்கும் உள்ள வித்தியாசம் பவரில் 20%. இன்புட் கெப்பாசிட்டரிலிருந்து ஒரு பெரிய ரெசிஸ்டரை சென்ஸ் பின்னுக்குக் கொடுத்து ஈடுகட்டுவார்கள்.

சரி, எல்லாம் போட்டாயிற்று. எப்படிச் சோதிப்பது?

எலக்ட்ரானிக் லோடை மெதுவாக ஏற்றிப் பார்ப்பது ஓவர்லோடு சோதனை மட்டுமே. ஷார்ட்டுக்குத் தடித்த, குட்டையான கம்பி வேண்டும். இண்டக்டரின் ஒரு காலைத் தூக்கி, சின்னக் கம்பி வளையம் போட்டு, கரண்ட் ப்ரோபை அதில் மாட்டுங்கள். இன்புட்டை அதிகபட்சத்தில் வையுங்கள், போர்டை நன்றாகச் சூடாக்குங்கள், ஸ்கோப்பை ஒற்றை டிரிகரில் வைத்து அவுட்புட்டை ஷார்ட் செய்யுங்கள்.

முதல் 50 மைக்ரோசெகண்டைப் பெரிதாக்கிப் பாருங்கள். முக்கோண அலையின் ஏறுபக்கம் நேர்கோடாக இருந்தால் கோர் நலம். உச்சியருகே மேல்நோக்கி வளைந்து கொம்புபோல நீண்டால் சாச்சுரேஷன் தொடங்கிவிட்டது. போர்டு இன்றைக்குப் பிழைத்திருந்தாலும் இண்டக்டரை மாற்றியாக வேண்டும். அடிப்புள்ளிகள் படிக்கட்டாக ஏறிக்கொண்டே போனால், மேலே சொன்ன குறைந்தபட்ச ஆன் நேரச் சிக்கல்.

பிறகு ஷார்ட்டை எடுத்துவிட்டு அவுட்புட் வோல்டேஜையும் பாருங்கள். ஷார்ட்டில் இருந்த நேரமெல்லாம், அவுட்புட் வோல்டேஜைச் சரியாக வைக்கிற எரர் ஆம்ப்ளிஃபையர் மேலெல்லையில் முட்டிக்கொண்டு நின்றிருக்கும். ஷார்ட் விலகிய கணத்தில் அது இறங்கி வருவதற்குள் 5 வோல்ட் லைன் 7 வோல்ட்டுக்குத் துள்ளலாம். எதிர்ப்புறம் இருக்கும் சிப்புகளைக் கொல்வது அந்தத் துள்ளல்தான். சாஃப்ட் ஸ்டார்ட் ஒவ்வொரு விக்கலுக்குப் பிறகும் பூஜ்யத்திலிருந்து தொடங்குகிறதா என்பதை அதே ஸ்கோப் படத்தில், அதற்கான பின்னில் இன்னொரு ப்ரோபை வைத்து உறுதிசெய்துகொள்ளுங்கள்.